இஞ்சின் கொட்டாய்க்குச் சப்பரம் வராத வருசம்

விராலிமலையிலிருந்து ஆவூர் பக்கம் போகிற மினி பஸ்ஸில் ஏறினால் மேலக்களத்தூர் என்று ஒரு ஊர் வரும். அங்கே இறங்கி கண்மாய்க் கரையோடு நடந்தால் ஒரு ஓடை. அதைத் தாண்டினால் நாங்கள் இருக்கிற இஞ்சின் கொட்டாய்.

ஊர் என்று சொல்ல ஆசைதான். ஆனால் கணக்கில் அப்படி ஒரு ஊர் கிடையாது. இருபது இருபத்தைந்து வீடு இருக்கும். ஆதார் கார்டில் எல்லோருக்கும் மேலக்களத்தூர் என்றுதான் போட்டிருக்கும். போர்டு கிடையாது, கோயில் கிடையாது, ரேஷன் கடை கிடையாது. கூரியர்காரர் போன் பண்ணி, "அண்ணே, மேப்புல வெறும் பச்சையாக் காட்டுது. காட்டுக்குள்ளயா குடியிருக்கீங்க?" என்பார். ஆமாம் தம்பி, அப்படியே பச்சைக்குள்ள வா என்று சொல்லிவிடுவேன்.

எப்படி இந்த இடம் வந்தது என்று கேட்டால் நாங்கள் எல்லோரும் ஒரே கதையைச் சொல்லுவோம். திருமயம் பக்கத்துச் செட்டியார் ஒருவருக்கு இங்கே நிலம் இருந்தது. கிணறு வெட்டி, ஆயில் இஞ்சின் வைத்து, அதற்கு ஒரு கொட்டாய் போட்டார். இஞ்சின் ஓட்ட மேலக்களத்தூர் பெரியண்ணனை வைத்தார். பெரியண்ணன் அவ்வளவு நாணயமான ஆள். "நீ இங்கயே குடியிருப்பா, உன்னை விட்டா ஆள் இல்லை" என்று செட்டியார் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டதால் பெஞ்சாதியோடு ஓடை தாண்டி வந்தார். பிறகு தண்ணீர் இருக்கிற இடம் என்று அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று வந்து சேர்ந்தார்கள். செட்டியார் குடும்பம் பின்னால் நிலத்தை விற்றுவிட்டு சென்னைக்குப் போய்விட்டது. இஞ்சின் போய்விட்டது, கொட்டாய் போய்விட்டது. இஞ்சினை முடுக்கிய சிமெண்டு மேடை மட்டும் நாலு போல்ட்டோடு இன்னும் இருக்கிறது. கூட்டம் போட்டால் அதில்தான் உட்காருவோம்.

இந்தக் கதையில் ஒரு பொய் இருப்பது போன வருசம் வரை எனக்குத் தெரியாது.

எங்களுக்கு இருந்த ஒரே குறை சப்பரம். மேலக்களத்தூர் மாரியம்மன் திருவிழாவில் கடைசி நாள் சாயங்காலம் சப்பரம் தெருத்தெருவாக வரும். கண்மாய்க் கரை வழியாக ஓடை வரை வரும். அங்கே திரும்பிவிடும். நாங்கள் இந்தக் கரையில் தேங்காய்த் தட்டோடு நிற்போம். பூசாரி கல் மேல் கால் வைத்து இறங்கி வந்து தட்டை வாங்கிப்போய், உடைத்து, திருநீற்றோடு கொடுத்துவிட்டுப் போவார். திருவிழா வரி எங்களிடமும் வாங்குவார்கள். ஆனால் சாமி ஓடையைத் தாண்டாது. முளைப்பாரி வரிசையில் எங்கள் பெண்கள் கடைசி.

இதை மாற்றியே தீருவேன் என்று அலைந்தவர் என் மச்சான் நாகராசு. என் சித்தப்பா மகள் செவந்தியைக் கட்டியவர். கடலை போடுகிற விவசாயி. வேறு எந்த வம்புக்கும் போகமாட்டார். இந்த ஒரு விசயத்தில் மட்டும் இருபது வருசமாக விடவில்லை. மேலக்களத்தூரில் அம்பலகாரராக இருப்பவர் சேவுகன் அம்பலம். ஊர்த் தலைமை அவர் குடும்பத்துக்குத்தான். எந்தக் கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தாலும் மச்சான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். "நாங்களும் எல்லைக்குள்ளதானே அம்பலம்? எல்லைக்குள்ள இருக்கவனுக்கு சாமி வர வேணாமா?" என்று ஆரம்பிப்பார். அம்பலம் சாப்பாட்டை வேகமாக முடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

இடையில் ஊருக்குள் ஒரு தகராறு வந்து மூன்று நான்கு வருசம் திருவிழாவே நடக்கவில்லை. மச்சானும் கொஞ்சம் அடங்கியிருந்தார். அவர் மகள் திலகவதிக்கு மாப்பிள்ளை பார்க்கிற வேலை வந்தது. கீரனூர்ப் பக்கம், நல்ல இடம். மாப்பிள்ளை கோபிநாத் கத்தாரில் ஏசி மெக்கானிக். லீவில் வந்து, கல்யாணத்தை முடித்து, பத்து நாளில் திரும்ப ஏற வேண்டும். நாள் குறித்தார்கள். ஒரு வியாழக்கிழமை வீட்டு வாசலில் முகூர்த்தக்கால் ஊன்றினோம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, அதே வாசல் பந்தலில் கல்யாணம்.

கால் ஊன்றின மறுநாள் சாயங்காலம் நான் விராலிமலையில் என் வெல்டிங் கடையில் இருந்தேன். மச்சான் போன் பண்ணினார்.

"மச்சான், கடையச் சாத்திட்டு வா."

"ஏன், என்ன ஆச்சு?"

"சாமி வருதுடா. ஓடை தாண்டி வருது. அம்பலம் ஒத்துக்கிட்டாரு."

தகராறு ராசியாகிவிட்டதாம். திருவிழா உடனே வைப்பது என்று முடிவாம். ராசிக் கூட்டத்தில் அம்பலமே எழுந்து, இந்த வருசம் எல்லா மனக்குறையும் தீரட்டும், இஞ்சின் கொட்டாய்க்கும் சப்பரம் போகட்டும் என்று சொல்லிவிட்டாராம்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஓடையில் ஜேசிபி நின்றது. எங்கள் விக்ரம் ஜேசிபி ஓட்டுகிறவன். சப்பரம் வைக்கிற டிராக்டர் இறங்கி ஏற வேண்டுமே என்று கரையை வழித்து கிராவல் கொட்டிக்கொண்டிருந்தான். மச்சான் வேட்டியை மடித்துக்கட்டி, "இங்கிட்டுத் தள்ளுப்பா, இங்கிட்டு, சாமி சாயக்கூடாது" என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. மகளுக்குப் பூ வைத்த அன்றுகூட அப்படி இல்லை.

செவந்தி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரம் கிராவல் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காப்பு என்னைக்குக் கட்டுறாக?" என்று கேட்டாள்.

"செவ்வாக்கெழம" என்றார் மச்சான்.

"கல்யாணம் வெள்ளிக்கெழம."

ஜேசிபி சத்தத்தில் மச்சானுக்குக் கேட்கவில்லையோ, கேட்டும் உறைக்கவில்லையோ தெரியவில்லை. விக்ரமுக்கு உறைத்துவிட்டது. அவன் வண்டியை ஆஃப் செய்தான்.

எங்கள் பக்கம் உள்ளவர்களுக்கு விளக்க வேண்டாம். வெளியில் இருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சாமிக்குக் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கும் வரை ஊர் எல்லைக்குள் கல்யாணம் கூடாது. எல்லைக்குள் இருக்கிற ஆள் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. மண்டபம் பிடித்து வெளியே நடத்தினாலும் பெண் அன்று மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? அது முடியாது. காப்புக்கு முன்பே பெண்ணை வேறு ஊருக்குக் கூட்டிப்போகலாம் என்றால், முகூர்த்தக்கால் ஊன்றியாகிவிட்டது. கால் ஊன்றிய வீட்டுப் பெண் தாலி கட்டும் வரை அந்த எல்லையைத் தாண்டக் கூடாது. தள்ளி வைக்கலாம் என்றால், காப்பு அவிழ்க்கப் பதினைந்து நாள் ஆகும், அதற்குள் கோபிநாத் கத்தாரில் இருப்பான்.

சப்பரம் வருகிற எல்லைக்குள் நாங்கள் இருந்தால் கல்யாணம் கிடையாது. கல்யாணம் வேண்டுமென்றால் நாங்கள் எல்லைக்கு வெளியே என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்ன பிறகு சப்பரம் எந்த முகத்தோடு வரும்?

மச்சான் அப்படியே கிராவல் குவியலில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் சிமெண்டு மேடையில் கூடினோம். விக்ரம்தான் முதலில் பேசினான்.

"மாமா, எனக்கும் திலகவதி கல்யாணம் நடக்கணும்தான். ஆனா எல்லா வீட்டுப் பொம்பளைகளும் ராத்திரியே மொளைப்பாரிச் சட்டிய எறக்கிக் கழுவ ஆரம்பிச்சிட்டாக. ஒரு வீட்டுக் கல்யாணத்துக்காக எல்லா வீட்டுக்கும் சாமி இல்லன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"நான் ஒண்ணுமே சொல்லலயேப்பா" என்றார் மச்சான். உண்மைதான். காலையிலிருந்து அவர் காப்பிகூடக் குடிக்கவில்லை என்று செவந்தி சொன்னாள்.

"மாப்ள வீட்டுல பேசிப் பாத்தா என்ன? அடுத்த லீவுல வச்சுக்கலாமே" என்றார் இன்னொருவர்.

"அடுத்த லீவு ரெண்டு வருசம் கழிச்சு" என்றாள் செவந்தி. "ஊன்டுன காலு அதுவரைக்கும் வாசல்ல நிக்குமா? ஊன்டுன காலப் புடுங்குன வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான்? நீங்க எடுப்பீங்களா? ஒங்க மகனுக்கு?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மருதாயி அத்தை ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டு வந்து ஓரமாக நின்றிருந்தார். கதையில் வருகிற பெரியண்ணனுக்கு இவர் மருமகள். வாய்க்குப் பயந்து இவரைக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடாமலே வந்துவிடுவார்.

"சாமி அடுத்த வருசமும் சாமியாத்தாண்டா இருக்கும்" என்றார். "கத்தாருக்காரன் லீவு அப்படி இருக்குமா?"

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. விக்ரம்கூடச் சிரித்துவிட்டான். ஆனால் மச்சான் சிரிக்கவில்லை.

"அது இல்லத்தே" என்றார். "நான் போயி அம்பலத்துக்கிட்ட நாங்க எல்லைக்கு வெளியேன்னு சொன்னா அவரு கேப்பாரு. சூடத்த ஏத்திவச்சு, அணைச்சுச் சத்தியம் பண்ணுன்னுவாரு. மக கல்யாணத்த வச்சுக்கிட்டு நான் பொய்ச் சத்தியம் பண்ணவா? நம்ம எல்லைக்குள்ளதான்னு இருவது வருசமா சொன்னவன் நான். மனசாரத்தான் சொன்னேன்."

இதுதான் அவரை ராத்திரி முழுக்கத் தின்றிருக்கிறது. சப்பரம் கைவிட்டுப் போவதுகூட இல்லை.

அத்தை குழையைக் கீழே போட்டுவிட்டு மேடையில் வந்து உட்கார்ந்தார். "கொஞ்சம் நகரு" என்று விக்ரமை இடித்துத் தள்ளினார்.

"சத்தியம் பொய்யாகாது. தாராளமாப் பண்ணு. இது வெளியேதான்."

"எப்படித்தே சொல்ற?" என்றார் மச்சான்.

"எங்க மாமனாரு இங்கிட்டு வந்த கதை ஒங்களுக்கு என்னன்னு தெரியும்?"

நாங்கள் செட்டியார் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்ட கதையைச் சொன்னோம்.

"கையப் புடிச்சாரு, கால நீவுனாரு" என்றார் அத்தை. "அந்தச் செட்டியாரு எங்க மாமனாரு மூஞ்சியவே ரெண்டு தரந்தான் பாத்திருப்பாரு. கேளுங்க. ஊருல காப்புக் கட்டியிருக்கு. இஞ்சினுக்குள்ள ஆயிலப் பீச்சுற நாசில் அடைச்சுக்கிச்சு. புதுசு வாங்க எங்க மாமனாரு திருச்சிக்குப் போனாரு. பொழுதுக்குள்ள திரும்பிரலாம்னுதான் போனாரு. கடைசி பஸ்ஸ விட்டுட்டாரு. பஸ் ஸ்டாண்டுலயே படுத்து எந்திரிச்சு விடியக்காலை வந்து எறங்குனா, ஊர் மந்தையில நிப்பாட்டிட்டாக. காப்புக் கட்டுன பெறகு வெளியூருல ராத்தங்குன ஆளு, அவுக்குற வரைக்கும் எல்லைக்குள்ள கால் வைக்கப்படாதுன்னு. நிப்பாட்டுனது யாரு? இந்தச் சேவுகன் அம்பலத்தோட அப்பாரு."

"பெறகு?"

"பெறகு என்ன, நாசிலக் கையில வச்சுக்கிட்டு எங்க போறது? கொட்டாயில வந்து படுத்தாரு. எங்க மாமியா சோறு கொண்டாந்துச்சு. புருசன் ஒத்தையில கெடக்கானேன்னு அதுவும் இங்கயே படுத்திருச்சு. அப்ப அதுக்கும் உள்ள போக வழி இல்லாமப் போச்சு. திருவிழா முடியிற வரைக்கும் ரெண்டு பேரும் இங்கதான். முடிஞ்ச பெறகு எங்க மாமியா, இங்கிட்டுத் தண்ணியும் கிட்ட, ஊருல இருக்க மாமியா நச்சரிப்பும் இல்ல, நான் வரமாட்டேன்னுருச்சு. இதுதான் நீங்க குடியேறுன லெச்சணம்."

பஸ்ஸை விட்டதில் உண்டான இடம் எங்களுடையது.

"இத்தன வருசம் ஏன் அத்தே சொல்லல?" என்று கேட்டேன்.

"ஏண்டா, நீங்கதான எல்லைக்குள்ள எல்லைக்குள்ளன்னு ஆடிக்கிட்டு இருந்தீங்க. காப்பு மீறி வெளிய நிப்பாட்டுன ஆளுக வம்சம்னு நான் போயி மைக்குல சொல்லணுமாக்கும்?"

செவந்திக்குத்தான் முதலில் விளங்கியது. "அண்ணே, அவுகளே சொல்லியிருக்காகல்ல. எல்லைக்குள்ள வராதன்னு சொல்லிட்டு, கொட்டாயில இருந்ததுக்கு ஒண்ணும் சொல்லல. அப்ப கொட்டாய் வெளியதான?"

மச்சான் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விக்ரமைப் பார்த்தார். "நீ என்னப்பா சொல்ற?"

விக்ரம் போல்ட்டைத் திருகுவது மாதிரி விரலால் தடவிக்கொண்டிருந்தான். "கிராவல் கொட்டுனது கொட்டுனதாவே இருக்கட்டும். மாப்ள வேன் வர ஆகும்" என்றான்.

அன்றைக்கு மதியமே மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். மச்சான், நான், விக்ரம், வேண்டாம் என்று சொல்லியும் வந்த மருதாயி அத்தை. சேவுகன் அம்பலம் வாசலில் பந்தல்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். மச்சானைப் பார்த்ததும், "என்ன நாகராசு, இப்பத் திருப்தியா?" என்றார்.

மச்சான் ஒரே மூச்சில் சொன்னார். "அம்பலம், நாங்க எல்லைக்கு வெளிய. சப்பரம் வேணாம்."

அம்பலம் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "எனக்குக் காது சரியாத்தான கேக்குது?" என்றார். பிறகு மச்சானிடம், "இருவது வருசம் என்னைய ஒரு பந்தியில நிம்மதியாச் சோறு திங்க விட்டியாடா? பாயாசத்தப் பாதியில வச்சுட்டு எந்திரிச்சிருக்கேன். இன்னைக்கு வந்து வெளியன்ற?"

"மக கல்யாணம் அம்பலம். வெள்ளிக்கெழம."

"தெரியும். பத்திரிக்கை வந்துச்சு." அம்பலத்தின் குரல் இறங்கியது. "ராசி பேசுற வேகத்துல நாளப் பாக்காம விட்டுட்டோம். தப்புதான். ஆனா ஊரு குறிச்சத மாத்த எனக்கு அதிகாரம் இல்லப்பா. நீ வெளியன்னு வாயால சொன்னாலும் ஆகாது. நாளைக்கு ஒருத்தன் கேப்பான். அம்மன் முன்னாடி சூடம் அணைச்சுச் சொல்லு."

மருதாயி அத்தை கதையை மறுபடி சொன்னார். இந்த முறை இன்னும் விரிவாக, அம்பலத்தின் அப்பா மீசையை முறுக்கியது வரை.

"எங்கப்பா சொல்லியிருக்காரு" என்றார் அம்பலம். "சாகுற காலத்துல சொன்னாரு. நாசிலக் கையில வச்சுக்கிட்டு நின்னான் பாவம், நான் கொஞ்சம் எறங்கிப் போயிருக்கலாம்னு. நான் அத வெளிய சொல்லல. ஒங்களுக்குக் கொறச்சலா இருக்குமேன்னு."

பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றினார். மச்சான் சுற்றுமுற்றும் பார்த்தார், யாராவது தடுப்பார்களா என்பது போல. பிறகு கையால் அடித்து அணைத்தார். "இஞ்சின் கொட்டாய் எல்லைக்கு வெளிய, ஆத்தா" என்றார். அவர் கேட்டு வாங்கியதை அவரே திருப்பிக் கொடுத்தார். திரும்பி வரும்போது ஓடையில் இறங்குகையில், "கல்யாணம் நல்லபடியா நடந்தாச் சரி மச்சான்" என்றார். வீட்டுக்குப் போனதும் திலகவதி, "அப்பா, என்னாலதான" என்று ஆரம்பித்தாள். "ஒன்னால ஒண்ணுமில்லத்தா, நாசில் அடைச்சதுனால" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை. சாயங்காலம்தான் அங்கே காப்புக் கட்டு. நாங்கள் கல்யாணப் பந்தலுக்குக் கீற்று வேய்ந்துகொண்டிருந்தோம். ஓடைப் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டது. விக்ரம் பந்தல் மேலே இருந்ததால் அவனுக்குத்தான் முதலில் தெரிந்தது.

"மாமா, அம்பலம் வாராரு. தாம்பாளத்தோட."

நாங்கள் வாசலுக்கு வருவதற்குள் வந்துவிட்டார்கள். அம்பலமும் மேலக்களத்தூர்ப் பெரிய ஆட்கள் நாலைந்து பேரும். ஒருவர் கையில் வெற்றிலை, பாக்கு, பழம், சந்தனம் வைத்த தாம்பாளம். திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டி ஊர்களைப் பாக்கு வைத்து அழைக்கிற வழக்கம் ஒன்று உண்டு. அண்டை ஊர்களுக்கெல்லாம் போவார்கள். எங்களுக்கு ஒருநாளும் வந்ததில்லை. சொந்த ஊர்க்காரனை யாராவது பாக்கு வைத்து அழைப்பார்களா?

அம்பலம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "எங்க ஊரு மாரியம்மனுக்கு இன்னைக்குக் காப்புக் கட்டு. இஞ்சின் கொட்டாய் ஊராரு எல்லாரும் வந்திருந்து சிறப்பாக்கிக் கொடுக்கணும்" என்றார். மனப்பாடமாக எல்லா ஊரிலும் சொல்வதுதான். எங்களைப் பார்த்து ஊரார் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

சொல்லிவிட்டுத் தாம்பாளத்தை நீட்டினார். வாங்க ஆள் இல்லை. ஊர்ப் பெரியவர் என்று யார் இருக்கிறார்கள்? விக்ரம் என்னைப் பார்த்தான். நான் இன்னொருவரைப் பார்த்தேன். அவர் மருதாயி அத்தையைப் பார்த்தார்.

"என்னைய ஏண்டா பாக்குற? கையெல்லாம் ஆட்டு மூத்தரம்" என்றார் அத்தை.

"சீக்கிரம் வாங்குங்கப்பா, இன்னும் ரெண்டு ஊரு போகணும்" என்றார் பின்னால் நின்றவர்.

செவந்தி மச்சானின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "போங்க. கேட்டுக் கேட்டு அலைஞ்சது நீங்கதான."

மச்சான் முன்னால் போனார். கீற்று வேய்ந்த கை, கழுவக்கூட இல்லை. வேட்டியில் துடைத்துக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் வாங்கினார். அம்பலம் விரலில் சந்தனத்தைத் தொட்டு அவர் நெற்றியில் வைத்தார். "வெள்ளிக்கெழம காலையில எங்காளுக எல்லாம் பந்திக்கு வருவோம். பொழுது சாயுறதுக்குள்ள ஓடை தாண்டிருவோம். சாதத்தக் கூட வடிங்க. அன்னைக்காவது பாயாசத்த முழுசாக் குடிக்க விடு."

வெள்ளிக்கிழமை கல்யாணம் நடந்தது. மேலக்களத்தூரே ஓடை தாண்டி வந்து சாப்பிட்டுப் போனது. திலகவதி மாப்பிள்ளையோடு வேனில் ஏறும்போது செவந்தி அழுதாள், மச்சான் அழவில்லை. அவருக்கு வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. பந்தலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எங்களிடம் வந்தார்.

"ஏப்பா, பாக்கு வாங்கியாச்சு. முறைன்னா திருப்பி நாமளும் அவுகளப் பாக்கு வச்சு அழைக்கணுமில்ல?"

"எதுக்கு அழைப்பீக?" என்றான் விக்ரம்.

"நம்ம திருவிழாவுக்குத்தான்."

"நமக்கு ஏது மாமா சாமி?"

மச்சான் சிமெண்டு மேடைப் பக்கம் கையைக் காட்டினார். "அங்க வச்சா என்ன?" அய்யனார் என்று ஒருவர் சொன்னார். கருப்பர் என்று இன்னொருவர். நிப்பாட்டி வைத்தவரே அம்பலத்து அப்பாதான், அவருக்கே ஒரு கல் நட்டுக் கும்பிடுங்கள் என்றார் மருதாயி அத்தை. அண்டாவைக் கவிழ்த்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்துகொண்டார்கள். வெளியூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள், இவ்வளவு சின்ன ஊரில் இவ்வளவு சண்டையா என்று கேட்டுக்கொண்டே பஸ்ஸுக்குப் போனார்கள். எந்தச் சாமி என்பது இன்னும் முடிவாகவில்லை.